உள்ளே எப்போதும் 2013

கூத்தாநல்லூர் நஜ்முதீன் ரைஸ்மில்லில்
எடைக்கணக்குக் கம்ப்யூட்டர்
ஓர் ஐப்பசி இடியில் செத்துப்போனது.
ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் மூச்சிருந்தது.

கணக்கு மென்பொருளை எழுதிக்கொடுத்த தியாகேசன்
மஸ்கட் போனவர் போனவர்தான்.
அவர் எழுதியதோ புது விண்டோஸைக் கண்டால்
முறுக்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி
வாசலிலேயே நின்றுகொள்ளும்.

திருவாரூரில் செகண்ட்ஹேண்டாக வாங்கிய பெட்டியில்
லினக்ஸ் போட்டேன்.
அதற்குள் ஒரு ஜன்னல்.
ஜன்னலுக்குள் பழைய எக்ஸ்பி,
அதே மேடு, அதே புல்வெளி,
எந்த மாடும் வாய்வைக்காத பச்சை.

மொத்தம் இரண்டு ஜிபி.
ஒன்றைத் திறந்துவிட்டால் வெளியே திணறுகிறது.
கால் ஜிபி விட்டால்
உள்ளே கடைமடை காய்கிறது.
ஏற்றி இறக்கி
அரையில் ஷட்டரை நிறுத்தினேன்.
வெண்ணாற்றில் முறைவைக்கும் லஸ்கரைக் கேட்டிருந்தால்
முதல் நாளே சொல்லியிருப்பார்.

உள்ளே இருப்பதற்கு
தான் உள்ளே இருப்பது தெரியாது.
தனக்கொரு டிஸ்க், தனக்கொரு திரை,
எல்லாம் பட்டா நிலம் என்ற நினைப்பு.
அது டிஸ்க் என்று உழுதுகொண்டிருப்பது
என் டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு ஃபைல்.
‘மில் பழசு’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.
இழுத்துக் குப்பையில் போட்டால்
அறுவடையோடு போய்விடும்.

கடிகாரம்தான் தகராறு.
தியாகேசன் வைத்துப்போன பூட்டு
2014 பிறந்தால் திறக்காது.
ஆகவே உள்ளே எப்போதும் 2013.
மாதம் நிஜம், நாள் நிஜம்,
வருஷம் மட்டும் பொய்.
அச்சான ரசீதில்
பேனாவால் திருத்தித் தருகிறேன்.
யாரும் கேட்பதில்லை.
ஈரப்பதத்துக்கு எவ்வளவு பிடித்தோம் என்றுதான்
உற்றுப் பார்க்கிறார்கள்.

போன சம்பாவில், ஒரு வியாழக்கிழமை,
பூவனூர் வேம்பையன்
முப்பத்தெட்டு மூட்டை இறக்கினார்.
தேதி அடித்தேன்.
‘தவறான தேதி’ என்றது.
மறுபடி அடித்தேன்.
காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்:
பிப்ரவரி இருபத்தொன்பது.

உள்ளே அப்படி ஒரு நாள் இல்லை.
2013க்கு இருபத்தெட்டோடு சரி.
தராசு மேல் நெல் இருக்கிறது,
தார்ப்பாய் வாசனை இருக்கிறது,
லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்,
நாள் மட்டும் இல்லை.

“என்னம்மா, கரண்ட் போச்சா?”
“இல்லண்ணே. இன்னைக்கி… தேதி போச்சு.”
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
“பணம் என்னைக்கி?”

நாளைக்கு என்றேன்.
கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன்.
மறுநாள் காலை, மார்ச் ஒன்று என்று
முப்பத்தெட்டையும் உள்ளே ஏற்றினேன்.
பட்டுவாடாத் திரை திறந்து
முதல் கட்டத்தில், வழக்கம்போல்,
ஆயிரம் ரூபாய் நோட்டு எத்தனை என்று கேட்டது.

பூஜ்யம் அடித்தேன்.
அடுத்த கட்டத்துக்குப் போனது.