நீலத்தாள்

துவக்கு கிளப்பில்தான் இருக்கும்,
இரண்டு பூட்டுக்குள்.
வீட்டுக்கு வரக்கூடியது கட்டை மட்டும்,
தோளில் முட்டுகிற அந்த மரம்.
அதற்கும் விஜேகோன் ஒரு துண்டு எழுதித் தருவார்,
சிங்களத்தில், முத்திரை குத்தி.
என் பெயரில் எப்போதும் ஓர் எழுத்துக் குறையும்.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
பழைய சாரத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்துச் சீற்றுக்காரி தொட்டுப் பார்த்தாள்.
வீணையோ பிள்ளை?
ஓம் என்றேன்.
வெள்ளவத்தை வரும் வரைக்கும்
கல்யாணியைப் பற்றிக் கதைக்கவேண்டி வந்தது.

என் கை கட்டை. மரம் நீளம்.
பின்பக்கம் அரை அங்குலம் அறுத்தேன்.
பழைய ஆணி துருப்பிடித்துத் தலை தேய்ந்திருந்தது,
பஞ்சிகாவத்தையில் புதிது வாங்கினேன்.
கடைக்காரன் மூன்று தந்தான், இரண்டுக்குக் காசு எடுத்தான்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதலாவது வெடி போனது.
இரண்டாவது ஏறவில்லை.
தானாகத் திரும்பி வந்து மூட வேண்டிய இரும்பு
பாதி வழியில் நின்றது,
செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று
வாசலில் யோசிக்கிற ஆளைப் போல.

ஆளுக்கொரு வைத்தியம்.
எண்ணெய் காணாது என்றான் பேனாட்.
தோட்டா மலிவு என்றார் ஃபாஸில் டொக்டர்.
சுருள் களைத்துவிட்டது, கூடு அழுக்கு,
கொழும்புக் காற்றில் உப்பு.
விஜேகோன் ஒன்றும் சொல்லவில்லை,
நேரத்தை மட்டும் பதிந்தார்.
நான் மரத்தைத்தான் சந்தேகித்தேன்,
ஏனென்றால் அறுத்தது நான்.

மூன்று சனிக்கிழமை.
மூன்று சனி என்றே சொல்லலாம்.
இடையில் வந்த இரவுகளில்
குசினி மேசையில் கட்டையைக் குப்புறப் போட்டு
அரத்தால் ராவினேன், உப்புத்தாளால் தேய்த்தேன்,
தோதுபார்க்க இரும்பில்லாமல்,
சனிக்கிழமை கண்டதை நினைவில் வைத்து.
கடற்கரை ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் தூள் தானே ஒதுங்கி ஒரு கோடாய் நின்றது.
அம்மா டீவியைக் கூட்டி வைத்தா.
கீழ்வீட்டுச் சனம் என்ன நினைக்கும் என்றா.
துவக்கு என்ற சொல் எங்கள் வீட்டில்
இருபத்தொன்பது வருஷமாக இல்லை.
அந்தச் சாமான் என்பா.
அப்போதும் அதுதான் பெயர்.

செவ்வாய்க்கிழமை, வேலையில்.
பம்பலப்பிட்டியில் நான் பல் செய்கிறவள்.
புதுப் பல்லை அச்சில் ஏற்றி
இடையில் நீலத்தாள் வைத்து, டொக், டொக்,
எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே உயரம்,
அங்கே மட்டும் கரை, வேறெங்கும் தொடாதே.
பதினொரு வருஷமாகச் செய்கிற வேலை.
கையில் பல்லோடு
எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது.
நாலு தாள் கைப்பைக்குள் போனது.
கணக்கில் எழுதவில்லை.

சனிக்கிழமை, பூட்டுத் திறந்தபின்,
மரத்தின் பள்ளத்தில் தாளை விரித்து
இரும்பை இருத்தி, முடுக்கி, கழற்றினேன்.
மரத்தில் எங்கேயும் ஒட்டவில்லை.
நான் ராவிய இடங்களெல்லாம்
வெட்கங்கெட்ட வெள்ளையாய் இருந்தன.
இரும்பின் அடியில், ஓடுகிற துண்டின் வயிற்றில்,
எள்ளளவு நீலம்.
நேர்கீழே பஞ்சிகாவத்தை ஆணியின் நுனி,
இரண்டு புரி கூட.
வெறும் ஆணி.
மூன்று வாரமாக அடி வாங்கியது மரம்.

பல்லுக் கரைக்கிற கல்லில் அதைக் கரைத்தேன்
அடுத்த திங்கள், ஆட்கள் சாப்பிடப் போன நேரம்.
பிறகு பத்து வெடி, பத்தும் ஏறின.
இலக்கில் பட்டவை நாலு. அது வேறு கதை.
கட்டையில் இப்போது ஒரு ஆட்டம் இருக்கிறது,
நான் தேவையில்லாமல் ராவியதால்.
அதற்குத் தகடு வைக்க வேண்டும்.

அன்றிரவு அம்மா மேசைத் தூளை
பேப்பரில் வழித்துக்கொண்டு
இரண்டு வாளிக்கும் நடுவில் நின்றா.
இது உக்கிறதோ,
உக்காததோ?
மரம்தானே அம்மா, என்றேன்.
இரும்பும் கலந்திருக்கு, என்றா.
பேப்பரை மடித்துக் கையிலேயே வைத்திருந்தா.