மரத்தூள் அடைத்த வருடம்

இருபத்தெட்டாம் தேதியே செய்து முடித்துவிட்டோம்.
ரோகெலியோவின் தச்சுப்பட்டறையில் மரத்தூள் சும்மா தருவார்கள்,
சாக்கு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.
இடது காலுக்குத் தூள் போதவில்லை.
மின்கட்டண ரசீதுகளைத் திணித்தோம்.
மின்சாரம் வராத மாதங்களுக்கும்
ரசீது மட்டும் தவறாமல் வந்திருந்தது.

டிசம்பர் கடைசியில் மச்சாலாவின் எல்லா வாசலிலும்
ஒருவன் உட்கார்ந்திருப்பான்: பழைய வருடம்.
நள்ளிரவில் நடுத்தெருவில் வைத்துக் கொளுத்துவோம்.
அடுத்த வீட்டில் அமைச்சர் ஒருவர்.
எதிர்வீட்டில் கோல் விட்ட கோல்கீப்பர்.
எங்கள் வீட்டில் யார் என்று
நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.
முகமூடிக்கு மூன்று டாலர் கேட்டார்கள்.
நார்சிசா தலையணை உறையில் கண் வரைந்தாள்,
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

சட்டையில்தான் தகராறு.
எலிசியோவின் கட்டம்போட்ட சட்டையை
அலமாரியிலிருந்து எடுத்து வந்தான் ஜெய்ரோ.
உயிரோடு இருக்கிறவர் சட்டையடா, என்றேன்.
ஸ்பெயினில் உயிரோடு, என்றான்.
பதினாறு வயது.
மீசை முளைத்த வருடத்தில்
முதல் சவரத்தைத் தானே செய்து
தாடையை வெட்டிக்கொண்டவன்.
நான் ஒன்றும் சொல்லாமல்
பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.

முதல் நாள் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.
இரண்டாம் நாள் கடைக்குக் கிளம்பிய நார்சிசா
அந்த நாற்காலியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.
மூன்றாம் நாள் தூறல் விழுந்ததும்
ஓடிப்போய் அவனை உள்ளே இழுத்தது நான்.
இடுப்பில் தூக்கியபோது
எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தான்.

மார்ச்சில் போனவன்.
முதலில் தினமும் கூப்பிட்டான்,
பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில்,
பிறகு பணம் அனுப்பும் நாட்களில்.
இருட்டுப் படியில் விழுந்து
நார்சிசா மணிக்கட்டை உடைத்துக்கொண்டதை
கட்டு அவிழ்த்த பிறகே அவனுக்குச் சொன்னேன்.
வாழைக்காய் கழுவும் தொட்டியில்
மூன்று வாரம் தண்ணீரும் இல்லை வேலையும் இல்லை,
அதைச் சொல்லவே இல்லை.
அவனும் என்னென்ன சொல்லவில்லையோ.

முப்பத்தொன்று, மாலை ஆறு. போன் அடித்தது.
முர்சியாவில் நள்ளிரவு.
புதுவருடம் அவனுக்கு முதலில் வந்துவிட்டது.
எப்படி இருக்கிறது அப்பா, என்றாள் நார்சிசா.
குளிர்கிறது, என்றான்.
ஒரே அறையில் ஆறு பேர்,
பன்னிரண்டு திராட்சைக்கு ஏழுதான் தேறியது என்றான்.
ஜெய்ரோ போனைத் திருப்பி
நாற்காலியைக் காட்டினான்.
வேண்டுமென்றே காட்டினான்.

படம் உறைந்துவிட்டதென்று நினைத்தேன்.
பிறகு குரல் வந்தது:
எரித்துவிடுங்கள்.
இனி அது எனக்குத் தொளதொளவென்று இருக்கும்.

எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குத் தெருவிளக்கடியில் நின்று
பழைய வருடத்தின் உயிலை வாசித்தான் ஜெய்ரோ.
மின்வாரியத்துக்கு என் எல்லா மெழுகுவர்த்திக் கட்டைகளும்.
தங்கைக்கு உடையாத இன்னொரு கை.
அம்மாவுக்கு, ஓடினால் ஓடட்டும், அந்த ஃப்ரிட்ஜ்.
தெருவே சிரித்தது.
அப்பாவுக்கு என்று தொடங்கிய வரியை அவன் வாசிக்கவில்லை.
பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு
அடித்திருந்தான். என்ன எழுதியிருந்தானென்று
வெளிச்சத்தில் பிடித்தும் எனக்குத் தெரியவில்லை.

ரசீதுகள்தான் முதலில் பற்றின.
கொளுத்துவதற்கு முன் நார்சிசா
மேல் பொத்தானைக் கடித்து எடுத்திருந்தாள்.
எல்லோரும் நெருப்பைத் தாண்டினார்கள்.
என் முழங்கால் ஒப்பவில்லை,
சுற்றி நடந்து போனேன்.
மறுபக்கத்தில் ஜெய்ரோ கையை நீட்டியபடி நின்றான்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

காலையில் நாற்காலியில்
கைப்பிடி மரத்தூள் சிந்திக் கிடந்தது.
பெருக்கிவிட்டு அதிலேயே உட்கார்ந்தேன்.
இங்கே ஏழு என்றால் அங்கே ஒன்று.
விரல் விடாமலே வருகிறது கணக்கு.