கை ஒன்றரை

ஜெலுத்தோங்கில் குளிர்காலம்
செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான்.
பகல் பதினொன்றுக்குத் தொடங்கி
மூன்றுக்கு முடிந்துவிடும்.

வெளியே தார் உருகும்.
மூன்றாம் மாடியில்
இயந்திரம் தம்பியின் இரத்தத்தை வாங்கி
அலசித் திருப்பித் தரும்.
"ஐஸ் கச்சாங் ஓடுதுக்கா, நரம்புல."

கேம்பல் ஸ்திரீட்டில் கம்பளிநூல் கேட்டேன்.
கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.
"லண்டனா, கனடாவா?"
"ஜெலுத்தோங்."
என்ன நினைத்தாரோ,
இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டார்.

இந்த ஸ்வெட்டருக்குக் கை ஒன்றரை.
இடது முழங்கைக்குக் கீழே
ஊசிகள் இரண்டும் நுழையும் இடம்,
அதை மூடக்கூடாது.
தாதி நோரைனி விரல் வைத்துப் பார்ப்பாள்,
தோலுக்கு அடியில்
பூனை உறுமுகிறதா என்று.

பேருந்தில் பின்னினேன்.
மருந்து வரிசையில், எண் கூப்பிடும்வரை.
அப்புறம் அவன் உறங்கும் நாலு மணி நேரம்.
இயந்திரம் திடுமெனக் கூவும்;
எண்ணிக்கை தவறும்.
பிரித்தேன்.
மறுபடி நாற்பத்தெட்டுக் கண்ணி.

தீபாவளிக்கு முதல்நாள் கொடுத்தேன்.
வீட்டிலேயே மாட்டிக்கொண்டு
மின்விசிறியை நிறுத்தச் சொன்னான்.
நெற்றியெல்லாம் முத்து முத்தாக.
நாளுக்கு அரை லிட்டர்தான் அவனுக்குத் தண்ணீர்.
"இவ்வளவு வேர்த்தா
இன்னொரு மடக்கு குடிக்கலாம்லக்கா?"
நான் சமையலறைக்குப் போய்
டம்ளரைத் தேடுவதுபோல்
கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்று ஐந்தாம் நாற்காலி மேடம் கூ
தன் வலது கையை
போர்வைக்கு வெளியே நீட்டி வைத்து
என் அளவுநாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதமிருப்பது ஊதா.
அவருக்குச் சிவப்பு வேண்டுமாம்.