கீழே இரண்டு வரி

பீல் நகரத்துக்கு இரண்டு பெயர்.
ஸ்டேஷன் பலகையில் இரண்டும் இருக்கும்,
நடுவில் ஒரு சாய்ந்த கோடு.
இங்கே ஸ்பானியப் படம் ஓடினால்
மேல்வரி டொச், கீழ்வரி பிரெஞ்சு.
அப்படியொரு கோட்டில்தான் என் பிழைப்பும்:
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், தமிழும் டொச்சும்,
மணிக்கு எழுபத்தைந்து பிராங், ரயில் காசு தனி.

செவ்வாய்க்கிழமை, கடைசிக் காட்சி. ஒன்பது பேர்.
திரையில் ஒரு துறைமுகப் பட்டணம்,
அங்கே ஒரு நீதிமன்ற எழுத்தர். மெலிந்த மனிசன்.
துவக்கைக் கண்டால் வேர்க்கும் அவனுக்கு.
அவன் விற்பது திகதி.
மேன்முறையீட்டுக் கட்டில்
ஒரு நாள் பிந்தி முத்திரை குத்துவான்.
ஒரு நாள்தான்.
உள்ளே இருப்பவன் உள்ளேயே கிடப்பான்.

கவுண்டரில் ஒரு தாய்.
கைப்பையின் வாயைத் திறப்பதும் மூடுவதுமாய் நிற்கிறாள்.
எழுத்தர் சொல்கிறான்: நோ பாஸா நாதா.
மேல்வரி: எல்லாம் சரி.
கீழ்வரி: கவலை வேண்டாம்.

எனக்குக் கொஞ்சம் ஸ்பானியம் வரும்.
மணிக்கூட்டுத் தொழிற்சாலைக் கழிவறைகளை
என்னோடு ஆறு வருசம் கழுவிய என்கர்னா தந்தது.
அவன் சொன்னது
ஒன்றும் நடப்பதில்லை.
நாதா என்றால் ஒன்றுமில்லை.
எங்கள் கோயில்களில் அதே ஒலியில்தான்
கடவுளைக் கூப்பிடுவோம்.

பொப்கோர்ன் பெட்டியை நிலத்தில் வைத்தேன்.

அமலதாசன், வயது இருபத்தாறு,
ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினவன்.
கொதி எண்ணெய், இடது கை, முழங்கை வரை.
"முதலாளி என்னைத் தள்ளினவர்."
தள்ளினவன் என்றுகூடச் சொல்லவில்லை.
எரிந்த கையும் மரியாதை வைத்துப் பேசியது.
அந்த மரியாதை டொச்சுக்குள் போகாது,
அது என் குற்றமில்லை.
தள்ளியது போகும்.
ஒரே சொல். எனக்கு நல்லாத் தெரிந்த சொல்.
நான் சொன்னேன்:
முதலாளியின் கை பட்டது.

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
ஒருவன் சொல்லிவிட்டு என் வாயையே பார்த்தான்.
முதலாளி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.
தட்டச்சுக்காரி அடித்தாள்: பட்டது.
கடைசித் தாளில் என் கையெழுத்து,
பிழையின்றி மொழிபெயர்த்தேன் என்று.

அதற்கு நான்கு நாள் முன்பு
கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வழக்கறிஞர் ட்சான்ஸ்
எனக்கும் சேர்த்துக் காசு போட்டார்.
மொழி வளையக்கூடியது, இல்லையா, என்றார்.
மடித்த பேப்பருக்குள் ஆயிரத்து நானூறு.
மகளின் பல்லுக்குக் கம்பி, முதல் தவணை.
இப்போது நேரான பல் அவளுக்கு.
அவள் சிரிக்கும்போது
எனக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அமலதாசன் வருசா வருசம் ஆனியில் வருவான்,
ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான், வலது கையால் தூக்கிக்கொண்டு.
"அக்கா, நீங்கள் இல்லாட்டி
என்ர கேஸ் என்னவாகியிருக்கும்."
எண்ணூறு பிராங் கிடைத்தது அவனுக்கு.
தோல் சீவித் தின்போம் நானும் மகளும்.
இனிக்கத்தான் செய்கிறது.

படத்தில் எழுத்தர் பிடிபடவில்லை.
மகனின் கலியாணத்தில் ஆடுகிறான்,
சப்பாத்து புதுசு, கடித்திருக்க வேண்டும்,
ஒரு காலை நொண்டி நொண்டி ஆடுகிறான்.
அத்தோடு இருட்டு.

மற்ற எட்டுப் பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு போனார்கள்.
விளக்குமாறோடு பையன் கதவில் நின்றான்.
நான் எழும்பவில்லை.
நடிகர், ஒளிப்பதிவு, லாரி ஓட்டினவர்,
சாப்பாடு போட்டவர் எல்லாம் மேலே ஏறிப்போய்
கடைசியில், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற எழுத்தில்
வரிகள் மொழிபெயர்த்தவர்: டொச்சுக்கு ஒரு பெண்,
பிரெஞ்சுக்கு இன்னொரு பெண்.
முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.
பெயரை வாசிக்க முதல்
பையன் லைட்டைப் போட்டான்.