நடுச்சுவர்

குள்ளஞ்சாவடி கடைத்தெருவில்
ஞாயிறு காலை ஆறேமுக்காலுக்கு
தெரசம்மா டீக்கடை பெஞ்சில் பலகையைச் சாய்த்து
எதிர்வரிசையை வரையத் தொடங்கினேன்.
வண்ணம் கரைக்கத் தண்ணீர் அவர் கொடுத்தது,
டம்ளர் கழுவும் பிளாஸ்டிக் மக்கில்.
அதில் கொஞ்சம் டிகாக்‌ஷன் இருந்திருக்க வேண்டும்.
படத்தில் வானம் லேசாகப் பழுத்திருக்கிறது.

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை.
வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும்.
எதையெல்லாம் விடுவது என்று முதலில் பார்த்துக்கொண்டேன்:
உரக்கடை வாசலில் மூட்டைகளின் முதுகு,
நசீமா டெய்லர் கம்பியில் தொங்கவிட்ட பள்ளிச் சட்டை,
அப்புறம் அந்த நாய்.

பிறகு கூரை. தானே புயல் பாதி ஓட்டைப் பிடுங்கிப்போக
அந்தப் பாதிக்குத் தகரம் போட்டிருந்தார்கள்.
ஓட்டுக்கும் துருவுக்கும் ஒரே காவிதான்,
தண்ணீர்தான் கூடக்குறைய.
சைக்கிள் கடைக்குள் இருட்டு.
கறுப்பு நான் வாங்குவதே இல்லை, நீலத்தில் பழுப்பைக் கலந்தேன்.
பூட்டிய ஷட்டரில் ஒரு சோடா விளம்பரப் பெண்.
அவள் பற்களை மட்டும் வெயில் தின்னவில்லை.

உரக்கடை தில்லைகோவிந்தனுடையது.
ஒட்டினாற்போல மளிகை, தம்பி தில்லைநாயகம்.
நடுவே முக்காலடிச் சுவர்.
அந்தச் சுவருக்குக் கடலூர் கோர்ட்டில்
பதினொரு வருஷமாக ஒரு நம்பர் இருக்கிறதாம்.
எனக்கு அது ஒரு கோடு.

முந்திரிக்கொட்டை ஏற்றிய லாரி ஒன்று
பெஞ்சை உரசுவதுபோல் திரும்பியது.
பலகை அரை விரல் சாய்ந்தது.
மளிகைக் கதவின் நீலம் இன்னும் ஈரம்.
கிளம்பிவிட்டது.

தில்லைநாயகம்தான் முதலில் பார்த்தார்.
கையில் பொட்டலம் கட்டும் நூலோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.
‘எங்கம்மா நடுச்சுவரு?’
‘காயட்டும் சார்.’
‘காஞ்சா வந்துருமா?’
சுவர் என்ற சொல் காதில் விழுந்து
அண்ணனும் வந்தார்.
ஒருவர் என் இடத்தோளுக்கு மேல், ஒருவர் வலத்தோளுக்கு மேல்.

‘அந்தக் கதவு பச்சைன்னு அவன்கிட்ட சொல்லும்மா.’
‘நீலம்னு சொல்லும்மா அவருகிட்ட.’
மூன்று பேரும் நிமிர்ந்து
ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிஜக் கதவைப் பார்த்தோம்.
பெயின்ட் உரிந்து வெறும் பலகை.
தெரசம்மா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
‘உங்க அப்பன் அடிச்சது.
சினிமா கொட்டாய்ல எந்த டப்பா மிச்சமோ அது.’

ஈரம் அடங்க இருபது நிமிஷம்.
யாரும் நகரவில்லை.
ஓடிய நீலம் எங்கே களைத்து நின்றதோ அங்கே
தன் விளிம்பைத் தானே கெட்டியாக வரைந்துகொண்டது.
நான் போட்டிருந்தால் அவ்வளவு நேராக வந்திருக்காது.
உரக்கடைக்குள்ளே, ஒன்றரை மூட்டை அகலம் தள்ளி.

தில்லைநாயகம் நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்,
முழுப் பெயர், இனிஷியலோடு.
அண்ணன் விலை கேட்டார்.
விற்கிறதில்லை என்றேன்.
‘அழிக்கவாவது முடியுமா?’

நாய் இரண்டு வாசலுக்கும் குறுக்கே படுத்திருந்தது.
அப்போதும் நான் அதைத் தொடவில்லை.
படத்தில் அது வெறும் தாள்.

இப்போது படம் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டில்,
ஃபிரிட்ஜ் மேல், இன்னும் சட்டம் போடாமல்.
நேற்று ராத்திரி போன்.
எப்படியோ நம்பர் வாங்கியிருக்கிறார்.
‘வர்ற புதன்கிழமை வாய்தா.
படத்த எடுத்துட்டு ஒரு நடை வந்துட்டுப் போனீங்கன்னா...’

சுவரை யார் அங்கே வைத்தது என்று கேட்பார்கள்.
தண்ணீர் என்று சொல்லலாம், அதுதான் உண்மை.
பிறகு தண்ணீரைக் கூண்டில் ஏற்று என்பார்கள்.
அது எப்படி நிற்கும்,
எதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யும்.
மக்கையாவது கொண்டுபோக வேண்டும்.