வெறுங்கூடு

முதலில் கண்டது மெற்றில்டா ரீச்சர்தான்.
பத்து மணிக்குக் குடுக்கிற இரண்டு பிஸ்கற்றில்
ஒன்றைத் தின்றுவிட்டு
மற்றதைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைக்கிறான்
டினோஜன், வயது நாலரை.
"களவெண்டு நினைக்காதேங்கோ மிஸ்,
ஆருக்கோ கொண்டுபோறான்."

பிரதேச செயலகத்தில் என் மேசையில்
இதற்கொரு படிவம் இல்லை.
அடிபட்ட பிள்ளைக்கு இருக்கிறது, நீல நிறம்.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக்கு மூன்று பிரதி.
ஒற்றைப் பிஸ்கற்றுக்கு ஒன்றும் இல்லை.

பாசையூர்க் கரையில் சோளகம்
மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது.
கோப்பை ஸ்கூட்டி சீற்றுக்கடியில் பூட்டிவிட்டு
வெறுங்கையோடு படலையைத் தட்டினேன்.

கொன்சலற்றா
வாசல் மறைப்புத் துணியை ஒரு சாண் விலக்கினாள்.
"பிள்ளையைக் கொண்டுபோகவோ வந்தனீங்கள்?"
அவளைக் குறைசொல்ல ஏலாது.
இந்தக் கரையில் கதவு தட்டினவர்கள்
எப்போதும் எதையோ கொண்டுதான் போனார்கள்:
ஆளை, நகையை, கையெழுத்தை.
செவ்வாய்க்கிழமைகளில் இப்போதும் வருகிறார்கள்
மோட்டார்சைக்கிளில், டை கட்டி,
கிழமைக்கட்டுக் காசுக்கு.

"நண்டு என்ன விலை போகுது?" என்று கேட்டேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.

நண்டு படவேயில்லையாம்.
நாற்பது கூடும் வெறுங்கூடாய் வருகுதாம்.
எஞ்சின் அடைவில்.
அருள்நேசன் விடியவே போய்
இருட்டினபிறகு வேறொரு மணத்தோடு வாறானாம்.
சொல்லும்போது கைக்குழந்தையை
ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்,
அரிசி மூட்டை மாற்றுகிற மாதிரி,
முகத்தைப் பார்க்காமல்.

வளர்ச்சி அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
பச்சையில் ஏறிய கோடு
ஐந்தாம் மாதத்தில் சரிந்து
செம்மஞ்சளின் விளிம்பில் ஒரு காலை வைத்திருந்தது.
"கடைசியா எப்ப வடிவா நித்திரை கொண்டனீர்?"
விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
மூன்றாம் விரலில் நிறுத்தி
"தெரியேல்லை மிஸ்" என்றாள்.

பெரிய காரியம் ஒன்றும் நான் செய்யவில்லை.
காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை
குழந்தையை வைத்திருப்பாவோ என்று
பக்கத்து வளவுப் பிறிஜிற்றம்மாவிடம் கேட்டேன்.
"இதுக்கொரு உத்தியோகத்தர் வரவேணுமோ?
வேலியால கூப்பிட்டிருக்கலாமே" என்று ஏசினா.
கூப்பிடக்கூட ஏலாத ஒரு களைப்பு இருக்கிறதென்று
அவவுக்கு எப்படி விளங்கப்படுத்த?

இரண்டு மணித்தியால நித்திரை.
திங்கட்கிழமைக் கிளினிக்கில் ஒரு துண்டு.
கடன் கொம்பனி மனேஜரோடு ஒரு பின்னேரம் முழுக்க வாய்த்தர்க்கம்,
கிழமைக்கட்டு மாதக்கட்டாகும்வரை.
அருள்நேசன் மூன்று தரம் என்னைக் கண்டு ஒளித்தான்.
நாலாம் தரம் வள்ளத்தடியில் அகப்பட்டு
"அவள் என்னத்தைச் சொன்னவள்?" என்றான்.
"நித்திரை இல்லையெண்டு."
கனநேரம் கடலைப் பார்த்தான்.
"எனக்குந்தான்."

வருடமுடிவு அறிக்கையில்
'தலையீட்டின் விளைவு' என்றொரு கூடு.
அந்த வீட்டில் ஏதோவொரு இரவில்
நடந்திருக்கக்கூடிய ஒன்று நடக்கவில்லை.
எந்த இரவு, எனக்குத் தெரியாது.
என்னது, அதுவும் தெரியாது.
ஒருவேளை நான் போகாவிட்டாலும்
நடந்திராதோ என்னவோ.
கூட்டை வெறுமையாய் விட்டேன்.
சிவப்பு மையால் வட்டம் போட்டுத்
திருப்பி அனுப்பினார்கள்.

ஆனியில் அந்தோனியார் பெருநாள்.
சனத்துக்குள் கொன்சலற்றா எதிரே வந்தாள்,
இடுப்பில் குழந்தை, கொழுத்து,
அவளின் சங்கிலியைப் பிடித்து இழுத்தபடி.
என்னைக் கண்டாள்.
கண்டும் காணாத மாதிரி
கச்சான் கடைப் பக்கம் திரும்பினாள்.
சரிதான்.
காய்ச்சல் மாறினவள்
பெருநாளில் மருந்துக்காரியைக் கூப்பிட்டு
ஏன் கதைக்கவேணும்?

டினோஜன் கையில் ஐஸ்பழம்.
நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
முழங்கையால் சிவப்பு வழிய வழிய
குச்சி தெரியும்வரை,
பிறகு குச்சியையும் நக்கி,
முழுவதையும் தானே தின்றான்.