கதவருகே இரண்டு நிமிடம்

எதிரணிக்காரன் உட்காரும் தண்டனைப் பெட்டிக்குக்
கதவு திறப்பது என் வேலை.
சம்பளமில்லை, காபி உண்டு.
பகலில் பள்ளிப் பேருந்து, செவ்வாய் இரவில் இது.
வெளியே கைனூவின் மைனஸ் இருபத்தாறு;
பேருந்து என்ஜின் உறையாமலிருக்க
மின்கம்பி சொருகிவிட்டு வந்திருக்கிறேன்.

தப்பாட்டம் ஆடியவனை உள்ளே அனுப்புவதை
நாங்கள் ஆறப்போடுதல் என்போம்.
பனித்தளத்தில் நால்வருக்கு எதிராக ஐவர் ஆடுவதை
மேல்வலிமை.
இந்தப் பருவத்தில் முப்பத்தேழு முறை வலுத்தோம்.
மூன்று கோல்.
அதிலொன்று அவர்கள் ஆளின் முழங்காலில் பட்டுத்
தானே போனது.

இன்றைய விருந்தாளி உதடு கிழிந்த பையன்.
வாயில் துண்டை அழுத்தியபடியே சொல்கிறான்:
'இப்போ பாருங்க, கெம்பைனெனுக்குப் போகும்.'
கெம்பைனெனுக்குப் போகிறது.
மட்டையை ஓங்குவதற்குள்
வழியில் ஒரு கால் படுத்திருக்கிறது.

ரைமோவின் பலகையில்
எல்லா அம்பும் அவனிடம்தான் முடியும்.
பலகையைப் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம்.

அந்த நால்வருக்கு ஒரே வேலை, அடைப்பது.
எங்கள் ஐவருக்கோ நேரம் இருக்கிறது.
தட்டில் கடைசி இனிப்பு ரொட்டி கிடக்க
நீ எடு, இல்லை நீ எடு என்று
எங்கள் ஊர்க் காபி மேசையில் நடக்குமே, அதுபோல
நீலக் கோட்டோரம் வட்டு கைமாறுகிறது.
ஐம்பது நொடி. நாற்பது.
ஆறுகிறது கஞ்சி.

ஐவருக்கு ஐவர் என்றால் இப்படியில்லை.
மூச்சு வாங்க, கண் தெரியாமல்,
எப்படியோ திணித்துவிடுவார்கள்.

கோலியின் கண்ணை மறைத்து ஒருவன் நிற்க வேண்டும்.
என் பேருந்தில் வரும் ஏழு வயதுக்காரிக்கே தெரியும்.
நிற்பவனுக்கு முதுகில் கோலியின் மட்டை,
முகத்துக்கு நேரே சொந்த ஆள் அடித்த வட்டு.
நவம்பரில் யூஸோ நின்றான்.
இரண்டு பல்.
பல் மருத்துவருக்கு ரைமோதான் பணம் கட்டினாராம்.
அதற்குப் பிறகு அங்கே அவர் அம்பு வரைவதில்லை.

கடைசிப் பகுதி. இன்னொருவன் ஆற வருகிறான்.
கதவைச் சாத்துகிறேன்.
பலகையில் அதே அம்புகள்.
யூஸோ பலகைப் பக்கம் திரும்பவில்லை.
நேரே வலைமுன் போய்,
முதுகைக் கோலிக்குக் கொடுத்து,
வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான்.

கெம்பைனென் ஓங்குகிறான்.

வட்டு எங்கே போனதென்று
எனக்குத் தெரியவில்லை.
இங்கிருந்து பார்க்க
எனக்கும் மறைத்துவிட்டான்.